வெளி, விரல், வழி

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதையைத் தூக்கிச் சென்ற இராவணனை மறித்து, சிறகு வெட்டுண்டு விழுந்த ஜடாயுவுக்கு இராமன் மகன் முறையில் நின்று ஈமக்கடன் செய்த இடம் இது என்கிறது தலவரலாறு. விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. கோயிலை ஒட்டிய குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்று பெயர். இராமானுசர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இவ்வூரில்தான் என்பது வைணவ மரபு.

பறவைக்குக் கொள்ளி வைத்ததால் பெயர் பெற்ற ஊரில் வளரும் பிள்ளை, ஜடாயுவைக் கதையில் கேட்டிருக்கும். உயிரோடு ஒரு பாறுக் கழுகைப் பார்த்திருக்காது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கழுக்குன்றத்தில், உச்சிவேளையில் மலைக்கு வந்து அர்ச்சகர் கையால் உணவு பெற்றுப் போன இரண்டு கழுகுகளின் வருகை 1990களின் இறுதியோடு நின்றுவிட்டது. நாடு முழுவதும் பாறு இனங்கள் சரிந்ததற்கு, கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியே முதன்மைக் காரணம். 2006-ல் கால்நடை மருத்துவத்தில் அது தடை செய்யப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போகவேண்டும்.

கண்ணால் காணாத ஒன்றின் மேல் ஒரு பிள்ளைக்கு ஆசை வருமா? சிறுவயதில் வீட்டுக்கு வெளியே பார்த்ததும் தொட்டதும் பயந்ததும், பின்னாளில் ஒருவர் எதில் மனத்தை வைக்கிறார், எந்தத் தொழிலைப் பிடிக்கிறார் என்பதை எவ்வளவு தூரம் முடிவு செய்கின்றன? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்கள் சொன்ன பதில்களையும், நம் மண்ணில் வாழ்ந்தவர்களின் வாழ்க்கை சொல்லும் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் திரிவதற்கு ஒரு வெளி வேண்டும். திரியும்போது சுட்டிக்காட்ட ஒரு விரல் வேண்டும். காட்டியதன் பின்னால் போவதற்கு ஒரு வழி வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த ஆசை பாதியில் நின்றுவிடுகிறது.

ராமேசுவரம் கடற்கரையில் ஒரு வகுப்பு

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் அறிந்த சாட்சி அப்துல் கலாம். ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு. ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டபோது சிறுவன் கலாம் புரியவில்லை என்றான். மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. மாலையில் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப்போனார். இறக்கை அடிப்பதையும், திரும்பும்போது வால் வளைவதையும், காற்றை உடல் வெட்டிப் போவதையும் பறவைகளையே வைத்துக் காட்டினார். பறத்தலோடு தொடர்புடைய படிப்பைத்தான் படிக்கவேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்தது என்று கலாம் குடியரசுத் தலைவரான பிறகும் மேடைக்கு மேடை சொன்னார்.

இக்கதையில் கடற்கரையை மட்டும் பார்ப்பது வழக்கம். ராமேசுவரத்துப் பிள்ளைக்குக் கடற்கரை அன்றாடம் காலடியில் இருந்தது. பறவையும் புதிதன்று. அன்று மாலை புதிதாக வந்தது, இதோ பார் என்று நீண்ட ஆசிரியரின் விரல். அதோடும் கதை முடியவில்லை. சென்னை தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்தித் துறையில் இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணம் இல்லை. அக்காள் சோரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். கடற்கரையில் பிறந்த ஆசை குரோம்பேட்டைக் கல்லூரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வளையல்களின் மேல் ஏறித்தான்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

1980-ல் தாமஸ் டேனர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளில் பணிபுரிந்தவர்களிடம், தங்களை இந்த வேலைக்குக் கொண்டுவந்த அனுபவங்கள் எவை என்று கேட்டார். பதில் எழுதிய 45 பேரில் பெரும்பாலோர் சொன்னது, இளமையில் ஆறும் காடுமாகத் திரிந்த நாட்களை. 1999-ல் லூயிஸ் சாவ்லா, அமெரிக்காவின் கென்டக்கியில் 30 பேரையும் நார்வேயில் 26 பேரையும் நேரில் கண்டு விரிவாகப் பேசினார். நான்கில் மூன்று பேருக்குமேல் சிறுவயதில் இயற்கையோடு கழித்த காலத்தைக் குறிப்பிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், அப்பாவோ அம்மாவோ வேறொரு வீட்டுப் பெரியவரோ தமக்கு அந்தப் பழக்கத்தை ஊட்டியதாகச் சொன்னார்கள்.

2006-ல் நான்சி வெல்ஸும் கிறிஸ்டி லெகீஸும் வலையை அகலமாக வீசினார்கள். இயற்கை ஆர்வலர்களை மட்டும் தேடிப்போகாமல், அமெரிக்க நகரங்களில் வாழும் 18 முதல் 90 வயது வரையிலான ஏறத்தாழ 2,000 பேரிடம் கேட்டார்கள். பதினோரு வயதுக்குள் காட்டில் நடந்தது, மீன் பிடித்தது, கூடாரத்தில் தங்கியது ஒருபுறம். செடி நட்டது, பூப்பறித்தது மறுபுறம். இரண்டுமே வளர்ந்த பிறகான மனப்போக்கில் தடம் பதித்திருந்தன. ஆனால் ஆளில்லாத இடத்தில் தன் போக்கில் திரிந்த அனுபவத்தின் தடம், பாத்திகட்டி வளர்த்த தோட்டத்தின் தடத்தைவிட ஆழமாக இருந்தது.

இவ்வகை ஆய்வுகளில் ஒரு குறை உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் வாதம் நேர்மையாக இருக்காது. வென்றவர்களிடம் போய் அவர்களுடைய சிறுவயதைக் கேட்கிறோம். நாற்பது வருடம் கழித்து நினைவுகூர்பவர், இன்றைய தன்னை விளக்கக்கூடிய சம்பவத்தையே அன்றிலிருந்து பொறுக்கி எடுக்கிறார். அதே ஏரியில் நீந்திய இன்னொருவர் வங்கி எழுத்தரானார். அவரை யாரும் பேட்டி எடுக்கவில்லை. சிவசுப்பிரமணிய ஐயரோடு கடற்கரைக்குப் போன வகுப்பிலும் எத்தனையோ பிள்ளைகள் இருந்தார்கள். அதே பறவைகளை, அதே மாலையில், அதே குரலின் விளக்கத்தோடு பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் விண்கலம் செய்யப் போகவில்லை.

ஆகவே வெளியில் விளையாடிய பிள்ளை இன்ன வேலைக்குப் போகும் என்று எவரும் சோதிடம் சொல்லமுடியாது. சொல்லக்கூடியது இதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. வெளி ஒரு பிள்ளைக்குக் கவனிக்கக் கற்றுத்தருகிறது. காத்திருக்கவும், பயத்தை அளந்து பார்க்கவும், தனக்குள் கேள்வி எழுப்பிக்கொள்ளவும் பழக்குகிறது. அந்தப் பழக்கம் பறவையில் போய் நிற்குமா, எழுத்தில் நிற்குமா, தறியில் நிற்குமா என்பதைப் பிறகு வரும் விரலும் வழியும் முடிவு செய்கின்றன.

பதில் சொன்னவர்கள்

சாலிம் அலி 1896-ல் பம்பாயில் பிறந்தவர். பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். பத்து வயதை ஒட்டி, விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது. இது என்ன குருவி என்ற கேள்வியோடு மாமா அமிருத்தீன் தயாப்ஜியிடம் போனார். தூக்கி எறி என்று சொல்லாமல், அவர் ஒரு கடிதம் கொடுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்ட், மஞ்சள்கழுத்துக் குருவி என்று பெயர் சொன்னதோடு, அலமாரிகளைத் திறந்து பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு சிறுவனின் கேள்விக்கு இரண்டு பெரியவர்கள் கொடுத்த மரியாதையிலிருந்து இந்தியப் பறவையியலின் பெரிய அத்தியாயம் தொடங்கியது.

ஆசை வந்த பிறகும் சாலிம் அலிக்கு வழி எளிதாகக் கிடைக்கவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார். திரும்பிவந்து அருங்காட்சியகத்தில் விளக்குநராக இருந்தார். பெர்லினுக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று வந்தபோது, அந்த அருங்காட்சியக வேலையும் இல்லை. வேலையற்றுக் கிஹிம் கடற்கரை வீட்டில் இருந்த 1930-ல்தான், பக்கத்தில் கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை உட்கார்ந்து கவனித்தார். ஆண்குருவி பாதிக்கூட்டைப் பின்னிவிட்டுக் காத்திருப்பதையும், பெண்குருவி வந்து பார்த்துப் பிடித்தால் குடிபுகுவதையும், உடனே ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்குவதையும் எழுதினார். அந்த ஆய்வு அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. நெசவூர்க்காரர்களுக்கு இந்தச் செய்தியில் தனி உரிமை உண்டு. இழையை எடுத்து ஓட்டி முடிச்சுப் போடும் பறவையை அலகு அலகாகப் பின்தொடர்ந்த ஒருவரின் கதை அது.

சென்னையில் இதற்கு இணையானவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைக்குட்டி. 1912-ல் பிறந்த அவர் வளர்ந்த மயிலாப்பூரில் அன்று புதர்க்காடு இருந்தது. நரியும் வெளிமானும் பறவைக் கூட்டமும் இருந்தன. பதின்மூன்று வயதில் தகப்பனாரை இழந்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஃபைசன், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தாவரம் தேடிப் போகும்போது உடன் அழைத்துப்போனார். காட்டுயிர் எழுத்தாளர் என்றொரு வேலை அன்றைய இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் இல்லை. கிருஷ்ணன் அதைத் தானே உண்டாக்கிக்கொண்டார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 1996-ல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். வழியில்லாத இடத்தில் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதை போட்டவர் அவர்.

கடல் கடந்தும் இதே கோலம்தான். நான்கைந்து வயதில் ஜேன் குடால், முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கோழிக்கூண்டுக்குள் மணிக்கணக்கில் ஒளிந்திருந்தார். குழந்தையைக் காணோம் என்று தேடித் தவித்த தாய், வைக்கோலும் தூசியுமாக ஓடிவந்த மகளை அடிக்கவில்லை. உட்காரவைத்து முட்டைக் கதையை முழுக்கக் கேட்டார். எட்வர்ட் வில்சனின் பெற்றோர் பிரிந்துகொண்டிருந்த கோடையில், ஏழு வயதுப் பிள்ளை ஃப்ளோரிடா கடலோரத்தில் தனியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தான். சுண்டி எழுந்த மீனின் முள் வலக்கண்ணைக் குத்திப் பார்வையைப் பறித்தது. தூரத்துப் பறவையைப் பார்க்க வசதியில்லாமல் போனதால், கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்கக்கூடிய எறும்புகளிடம் திரும்பினார். உலகின் தலையாய எறும்பு அறிஞரானார். வெளி எப்போதும் இனிமையையே தருவதில்லை, முள்ளையும் தரும். அதுவும் சிலருக்குத் திசையாகிறது.

இயற்கை அறிவியலோடு இதை நிறுத்திவிடவும் கூடாது. இடைசெவலில் வளர்ந்த கி. ராஜநாராயணன், மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகச் சொல்லிக்கொண்டவர். கரிசல் காடும், அதில் வேலை செய்தவர்களின் பேச்சும் அவருக்குப் பாடமாக இருந்தன. அந்தப் படிப்பிலிருந்து சிறுகதைகளும், கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் வந்தன. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் இருக்கையில் அமர்த்தியது. பட்டம் பார்க்காமல் அறிவைப் பார்த்த அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவும் நான் சொல்லும் வழிகளில் ஒன்று.

பாம்பின் தடம் தெரிந்த பிள்ளைகள்

வெளியும் விரலும் நிறைய இருந்து, வழி மட்டும் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இருளர்களின் வாழ்க்கை சாட்சி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் இருளர் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து பெற்றோரோடு வரப்பிலும் புதரிலும் போகிறார்கள். புற்று வாயில் படிந்திருக்கும் செதில், மண்ணில் விழுந்த வரி, எச்சம், உரித்த சட்டை இவற்றைக் கொண்டு உள்ளே இருப்பது என்ன பாம்பு, எப்போது போனது என்று சொல்லப் பழகுகிறார்கள். இந்தப் படிப்புக்கு வயல்வரப்பே வகுப்பறை.

அந்த அறிவு ஒருகாலத்தில் பாம்புத்தோல் வணிகத்துக்குக் கூலியாகப் பயன்பட்டது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது தொழில் நின்றது. சட்டம் அவசியமானது. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த ஒரு கல்வி ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கு வேறு வழி திறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரங்கள் வைத்து நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பவும் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது.

இந்தச் சங்கத்தை அமைக்க உழைத்த ரோமுலஸ் விட்டேக்கரின் கதையும் நம் கேள்விக்குள் வருகிறது. 1943-ல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதில் கல்லைப் புரட்டிப் பாம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அலறாமல், அதைப் பற்றிப் படிக்கப் புத்தகம் கொடுத்த தாய் அவருக்கு இருந்தார். எட்டு வயதில் இந்தியா வந்து கொடைக்கானல் பள்ளியில் படித்து, பின்னாளில் சென்னைப் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் தொடங்கினார். பாம்பைத் தேடிப் பிடிக்கும் கலையில் தனக்கு ஆசான்கள் இருளர்களே என்று அவர் எப்போதும் சொல்லிவந்திருக்கிறார்.

2017-ல் ஃப்ளோரிடா சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்குள்ள பல்கலைக்கழகம் அழைத்துப்போனது. முதல் எட்டு நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிப் பதிவேட்டில் எங்குமே மதிப்பெண்ணாக ஏறாத ஒரு பால்யம், உலகம் தேடிவந்து கேட்கும் நிபுணத்துவமாக இருந்திருக்கிறது. வெளியிலிருந்து பெற்ற அறிவுக்குச் சமூகம் என்ன விலை வைக்கிறது என்பதைப் பொறுத்தே அது தொழிலாவதும் அழிவதும்.

தறிக்குழியும் தெருவும்

திருப்புட்குழியும் காஞ்சிபுரத்து நெசவு வட்டாரத்துக்குள் இருக்கும் ஊர். குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெசவாளி உட்கார்ந்திருக்கிறார். வேலை முழுக்கக் கூரைக்குக் கீழே. ஆனால் அவர் நெய்வதில் பாதி வெளியிலிருந்து வந்தது. மயில்கண், குயில்கண், தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, மாங்காய், ருத்ராட்சம், அன்னம், இருதலைப்பட்சி என்று கரைக்கும் உடலுக்கும் வைத்த பெயர்களை வரிசையாகச் சொன்னால், ஒரு தோப்பையும் குளத்தையும் கோயில் தூணையும் சுற்றிவந்தது போலிருக்கும். ஏதோ ஒரு காலத்தில், தாழம்பூவின் முள்விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் அதைச் சரிகையில் கண்டார். இன்று அக்கரையை நெய்யும் இளைஞர் பலருக்குத் தாழம்பூ என்பது கரையின் பெயர் மட்டுமே. பழைய கோலத்தை மாறாமல் நெய்ய அது தடையாகாது. புதிய கோலம் ஒன்று பிறக்கவேண்டுமானால், யாரோ ஒருவருடைய கண்ணில் ஒரு பூ, ஒரு சிறகு, ஒரு நிறம் சிறுவயதிலேயே விழுந்திருக்கவேண்டும்.

நெசவுத் தெருவுக்கு வெளிப்புற வேலையும் ஒன்று உண்டு. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை அறுந்த இடத்தைப் புணைந்து, வெயில் ஏறுமுன் சுற்றிவிடுவார்கள். மழை வருமா, காற்று திரும்புமா என்று வானத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கே பிள்ளைகளுக்குத் தானாக வரும்.

இந்த ஊர்களின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. உடலும் கரையும் வேறுவேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும்போது பக்கத்தில் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் ஒரு பிள்ளையின் கையாக இருந்தது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும்கூட, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பட்டுத்தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் காஞ்சி வட்டாரத்தில் இருந்தார்கள். வெளியில் கில்லி விளையாடும் சத்தம் கேட்கக் கேட்க உள்ளே நாடா தள்ளிய பிள்ளைகள் அவர்கள். கிட்டிப்புள் என்ற அந்த விளையாட்டின் சிறு குச்சிக்கும் புள் என்றே பெயர். அந்தப் புள் பறப்பதைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காத பால்யம் அது. சட்டமும் பள்ளியும் சேர்ந்து அந்நிலையைப் பெருமளவு மாற்றியது நம் காலத்தின் நல்ல காரியங்களில் ஒன்று.

யாருக்கு வெளி திறந்திருந்தது?

இதிலிருந்து அடுத்த கேள்வி எழுகிறது. கிராமத்துப் பால்யம் பற்றிய நம் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை. ஏரியில் குதித்தது, மாங்காய் அடித்தது, நிலா வெளிச்சத்தில் கபடி ஆடியது எல்லாம் பையன்களின் கதைகள். பெண்பிள்ளைக்கு வெளி ஒரு தேதியோடு முடிந்தது. வயதுக்கு வந்த அன்றே தெருவும் குளத்தங்கரையும் கோயில் மதிலோரமும் அவளுக்கு மூடிக்கொண்டன. எந்தப் பறவையின் பெயரை அவள் கேட்கவிருந்தாளோ, அந்தக் கேள்வி வீட்டுக்குள் அடங்கியது.

விதிவிலக்காக மேலே வந்தவர்களைப் பார்த்தாலே இழப்பின் அளவு விளங்கும். 1897-ல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாளின் தகப்பனார், தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு கொண்ட நீதித்துறை அதிகாரி. அந்தத் தோட்டத்தில் வளர்ந்த மகள், திருமணத்துக்குப் பதிலாகப் படிப்பைத் தேர்ந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் என்று போய், 1931-ல் முனைவரானார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் மரபணுக்களை ஆராய்ந்தார். முதுமையில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார். அதே தலைமுறையில், தோட்டம் இருந்தும் தகப்பனின் விரல் இல்லாமல் போன பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்!

சாதியும் வெளியைப் பங்குபோட்டே வைத்திருந்தது. ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கும் உரிமைக்காக 1927-ல் மகாட்டில் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. குளத்தில் இறங்கமுடியாத பிள்ளைக்குக் குளத்து நாரையைப் பற்றி என்ன இனிய நினைவு இருக்கும்? கூலிக்குக் களையெடுத்த, மாடு மேய்த்த பிள்ளைகளுக்கும் வெளி நிறையவே இருந்தது. ஆனால் அது வெயிலாகவும் வசவாகவும் பசியாகவும் இருந்தது. அந்த வெளியிலிருந்து தப்பிப்பதற்காகவே படித்தவர்கள் அவர்கள். இயற்கை அழைக்கிறது என்று நாம் அவர்களிடம் பேசும்போது, இந்த வித்தியாசத்தை மனத்தில் கொண்டு பேசவேண்டும். வெளி பிள்ளைக்குப் பயன்படுவது, அங்கே அது கூலியாளாக இல்லாமல் பிள்ளையாக இருக்கும்போதுதான்.

சுருங்கிவரும் வெளி

இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1971-ல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-ல் அது 9 விழுக்காடு. இடையில் பிள்ளைகள் மாறவில்லை. தெருவில் வண்டிகள் பெருகின, பெற்றோரின் பயம் பெருகியது. டென்மார்க்கில் 1985-க்கும் 2003-க்கும் இடையில் பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை 2019-ல் ஆராய்ந்தபோது, பசுமை மிகக் குறைந்த இடங்களில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மனநலக் கோளாறுகள் வரும் வாய்ப்பு, பசுமை மிகுந்த இடங்களில் வளர்ந்தவர்களைவிட 55 விழுக்காடு வரை கூடுதலாகத் தெரிந்தது. தொழிலும் ஆசையும் இருக்கட்டும், மனம் அமைதியாக இருப்பதற்கே வெளி தேவைப்படுகிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். மழைநீரைத் தேக்கி அடுத்த ஏரிக்கு அனுப்பும் சங்கிலியாக அமைந்த ஏரிகள் அவை; பாசனத்துக்கு வெட்டியவை, பறவைக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே பயன்பட்டன. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலை வட்டாரங்களாகி வேலை கொடுத்தன, ஏரிக்கரைகள் மனைகளாயின. 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டத்தின் எல்லைக்குள்ளும் வயல்களோடு ஏரிகள் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் தொடர்ந்து எதிர்த்துவருகிறார்கள். வளர்ச்சிக் கணக்கில் நிலத்துக்கு ஏக்கர் விலை எழுதப்படுகிறது. அந்த ஏரிக்கரையில் அடுத்த தலைமுறை என்னவாக ஆகியிருக்கும் என்பதற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

பெற்றோரின் பயத்தையும் தள்ளிவிடமுடியாது. கோடை விடுமுறையில் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அதற்கு மருந்து கதவைச் சாத்துவது என்று நான் நினைக்கவில்லை. ஊருக்கு ஊர் பையனுக்கும் பெண்ணுக்கும் நீச்சல் கற்றுக்கொடுப்பதும், கரையில் ஒரு பெரியவர் இருப்பதும்தான்.

இன்னும் செய்யக்கூடியவை

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூடு கட்ட வந்த பறவை பயந்துவிடும் என்பதுதான் காரணம். பண்டிகை நாளில் ஒரு பறவைக்காகத் தன் மத்தாப்பை விட்டுக்கொடுக்கும் பிள்ளைக்கு அந்த ஊரே விரலாக நிற்கிறது. வேடந்தாங்கலில் 1798-லேயே ஊரார் கேட்டு, கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்ற உத்தரவு பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

பதினோரு வயது கடந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 1988-ல் சென்னை மாணவர்கள் சிலர் கடலாமைப் பாதுகாப்புக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முட்டையிடும் பருவத்தில் இரவு முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் வேலை இன்றும் நடக்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர். கல்லூரி வயதில் நடந்த இரவுகளும் போதுமானதாக இருந்திருக்கின்றன. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எந்த ஊர்ப் பிள்ளையும் கலந்துகொள்ளலாம். கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி எழுதினால் போதும்.

ஆக, செய்யவேண்டியதைப் பெரிய திட்டமாக எழுதத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத்திடல் வேண்டும் என்கிறது. அது தாளில் இல்லாமல் தரையில் இருக்கவேண்டும். சூழலியல் பாடத்தில் ஒன்றையாவது ஆசிரியர் ஏரிக்கரையில் நடத்தவேண்டும். பெண்பிள்ளைகளும் கடைசிவரை அதில் இருக்கவேண்டும். ஊரில் பாம்புத் தடம் தெரிந்த இருளரையும், பாவு விரிக்க வானம் பார்க்கும் நெசவாளியையும் அந்தக் கரைக்கு ஆசிரியராக அழைக்கவேண்டும். அப்படிக் கற்ற அறிவுக்குக் கல்லூரியும் அரசுப் பணியும் ஒரு கதவைத் திறந்து வைக்கவேண்டும். வெளியைக் காப்பது ஊரின் பொறுப்பு, விரலாவது வீட்டுக்கும் பள்ளிக்கும் உரியது, வழி போடுவது அரசின் கடமை.

திருப்புட்குழியில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. குழந்தை வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு உறங்குவார்கள். காலையில் அது முளைவிட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் வரம் கொடுத்துவிட்டாள் என்று பொருள். வறுத்த பயறையும் முளைக்கவைக்கும் தாயார் என்றே அவளைக் கும்பிடுகிறார்கள். அந்த அதிசயம் அவளால் ஆகும், நம்மால் ஆகாது. நம்மிடம் வந்து சேர்ந்த பயறு பச்சையாகவே இருக்கிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் ஈரமண், கொஞ்சம் வெயில், இதோ பார் என்று சொல்ல ஒருவர். வறுக்காமல் விதைப்பது நம் கையில் இருக்கிறது.